மஞ்சள் சாட்சி

மூலமானியின் திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் பத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எழுந்தார். அவருக்கு அவசரமே இல்லை. ஜெயித்தவர்களுக்கு எதற்கு அவசரம்?

"காட்சி தெளிவா இருக்குங்க, நான் மறுக்கல," என்றார் நீதிபதியிடம். "பின்கதவு தெரியுது. சங்கிலி தெரியுது. பித்தளைப் பூட்டு தெரியுது. ஆனா மூலம் மஞ்சள். அதாவது இந்தம்மா இதைக் கண்ணால பாக்கல. யாரோ சொல்லிக் கேட்டிருக்காங்க. செவிவழிச் சாட்சி செல்லாது."

தலையில் மாட்டிய மூலமானித் தொப்பியோடு சாட்சி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஜெனோவாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"யாரு சொல்லிக் கேட்டேன்? அந்தப் பூட்ட இந்தக் கையால இழுத்தேம்லா! நகம் பேந்து ரத்தம் கொட்டுச்சே, அதயும் யாராவது சொல்லித்தான் கேட்டனா?"

"அம்மா, அமைதியா இருங்க," என்றார் நீதிபதி. "மெஷின் காட்டுறதைத்தான் நான் எடுத்துக்க முடியும்."

சட்டம் அப்படித்தான் சொன்னது. மூன்று வருடங்களாக எல்லா வழக்குகளிலும் மூலமானிதான் பேசுகிறது. சாட்சியின் நினைவைத் திரையில் காட்டும். கூடவே அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்றும் காட்டும். தானே கண்டது பச்சை. கேட்டுத் தெரிந்தது மஞ்சள். கனவும் கற்பனையும் சாம்பல். மனிதர்கள் பொய் சொல்வார்கள், மெஷின் சொல்லாது என்று பெரிய மனிதர்கள் கூடிக் கைதட்டிக் கொண்டுவந்த சட்டம். கைதட்டியவர்களில் ஒருவர்கூட அம்மோனியாவைச் சுவாசித்தவர் இல்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே கடலோரச் சாலையில் இருக்கிறது அந்த இறால் கம்பெனி. போன ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, குளிர்பதனக் கூடத்தில் அம்மோனியாக் குழாய் வெடித்தது. இறால் உரித்துக்கொண்டிருந்த பெண்களில் முன்பக்கம் இருந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டார்கள். பின்பக்கம் இருந்த ஒன்பது பேர் பின்கதவுக்கு ஓடினார்கள். அது வெளியே பூட்டியிருந்தது. பெண்கள் அடிக்கடி கக்கூசுக்குப் போகிறார்கள், வேலை கெடுகிறது என்று சூப்பர்வைசர் சாம்ராஜ் அந்த வாரம்தான் சங்கிலி போட்டிருந்தான்.

முன்வாசல் வழியாகத் தப்பித்த ஜெனோவா, சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடி அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டினாள். உள்ளே தட்டிய கைகள் ஒவ்வொன்றாக நின்றன. பிறகு சாம்ராஜ் வந்தான். சாவி போட்டுத் திறந்தான். பூட்டையும் சங்கிலியையும் ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். போலீஸ் வந்தபோது கதவு திறந்துதான் கிடந்தது. பதற்றத்தில் கதவைத் திறக்கத் தெரியாமல் இறந்துவிட்டார்கள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. வருடக்கணக்காகத் தினமும் திறந்து மூடிய கதவு, சாகிற அன்றைக்கு மட்டும் மறந்துவிட்டதாம்.

பூட்டை வெளியே நின்று பார்த்தவள் ஜெனோவா ஒருத்திதான். அவளுக்குத்தான் மஞ்சள்.

இடைவேளையில், மூலமானியை இயக்கிய நீதிமன்ற நிபுணர் டாக்டர் மங்கையர்க்கரசியை வராந்தாவில் மறித்தாள் ஜெனோவா.

"உங்க மெஷினு பொய் சொல்லுது டாக்டர்."

"பொய் சொல்லலம்மா. அதுதான் கொடுமை." டாக்டர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "நினைவுல ரெண்டு விஷயம் இருக்கு. என்ன நடந்துச்சுங்கறது ஒண்ணு. அது எனக்கு எப்படித் தெரியும்ங்கறது இன்னொண்ணு. ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கற மாதிரிதான் தோணும். ஆனா தனித்தனியாக் கழண்டுக்கும். பக்கத்துத் தெருவுல யாருக்கோ கல்யாணம் நிச்சயமாயிருக்குன்னு தெரியும். யாரு சொன்னாங்கன்னு கேட்டா முழிப்போம். சேதி நிக்கும், சேதி வந்த வழி அழிஞ்சிரும்."

"நான் யாருட்டயும் கேக்கல. நானே பாத்தேன்."

"இப்ப நினைச்சுப் பாருங்க. பாத்த மாதிரி இருக்கா?"

ஜெனோவா கண்ணை மூடினாள். கதவு வந்தது. சங்கிலி வந்தது. பூட்டின் மேல் இருந்த கீறல்கூட வந்தது. ஆனால் மூக்கைக் கிழித்த அந்த நெடி வரவில்லை. விரல் வலிக்கவில்லை. யாரோ பொறுமையாக உட்கார்ந்து விவரித்ததைப் போல எல்லாம் சுத்தமாக இருந்தது. அவள் சட்டென்று கண்ணைத் திறந்தாள்.

"கம்பெனி ஏதாவது சிகிச்சை குடுத்தாங்களா?" என்று கேட்டார் டாக்டர்.

கொடுத்தார்கள். விபத்து நடந்த மூன்றாம் மாதம், கல்யாண மண்டபத்தில் 'மன அமைதி முகாம்' என்று போட்டு, ஏசியும் காபியுமாக உபசரித்தார்கள். ஜெனோவா அப்போது கதவைச் சாத்தினாலே நடுங்குவாள். வீட்டில் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருந்தாள். தலையில் ஒரு பட்டையைக் கட்டி, நடந்ததை நினைக்கச் சொன்னார்கள். நினைவு போகாது, நடுக்கம் மட்டும் போகும் என்றார்கள். இரண்டே தடவை. நடுக்கம் போய்விட்டது. மகராசன்கள் என்று கம்பெனியை வாழ்த்திவிட்டு வந்தாள். அதை இப்போது நினைத்தால் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"நான் பாத்தேன்ங்கறதுல இருந்து அந்த 'நான்' மட்டும் உருவி எடுத்துட்டாங்க," என்றார் டாக்டர். "நடுக்கம் அதுலதான இருக்கு. நான் இப்படி யூகிக்கலாம், நிரூபிக்க முடியாது. சிகிச்சை மூலத்தைத் தொடாதுன்னு அவங்க நிபுணர் கோர்ட்ல சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்காரு. முன்னாடி என்ன நிறம் இருந்துச்சுன்னு அளந்து வெச்சிருந்தாத்தான் மறுக்கலாம்."

முகாமுக்கு நாற்பத்தொரு பெண்கள் போனார்கள். போகாதவள் தங்கபுஷ்பம் மட்டும்தான். செத்துப்போன ஒன்பது பேரில் முத்துக்கனி அவளுடைய ஒரே மகள், பத்தொன்பது வயது. "எம் மவ போன நடுக்கம் எனக்குப் போவாண்டாம். அது இருக்கட்டும்," என்று முகாம்காரர்களை வாசலிலேயே திட்டி அனுப்பியவள்.

இரண்டு நாள் கழித்துத் தங்கபுஷ்பத்தைக் கூண்டில் ஏற்றினாள் பெண்கள் தரப்பு வக்கீல் திலகராணி. மகளை இழந்த தாய் என்ற முறையில் நாலு வார்த்தை பேசட்டும் என்றுதான் கூப்பிட்டாள். தங்கபுஷ்பம் தொப்பியை மாட்டியதும் திரையில் கதவு வந்தது. சங்கிலி வந்தது. கீறல் விழுந்த பித்தளைப் பூட்டு வந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது.

கோர்ட்டில் இருந்த பெண்கள் எல்லாரும் ஒன்றாக அழுதார்கள். பத்மநாபன் எழுந்து, உட்கார்ந்து, மறுபடி எழுந்தார். திலகராணி மேஜையைத் தட்டியேவிட்டாள்.

ஜெனோவா மட்டும் அசையவில்லை. ஏனென்றால் தங்கபுஷ்பம் அங்கே இல்லவே இல்லை.

அன்று காலை பத்து மணிக்கு, துறைமுகத்தில் இருந்து சரக்கு ஏற்றிவர ஆள் பற்றவில்லை என்று நாலு பெண்களை ஐஸ் வண்டியில் ஏற்றி அனுப்பினான் சாம்ராஜ். மற்ற மூவரும் அன்று மட்டும் வந்த தினக்கூலிகள். எந்த ஊர் என்றுகூட யாருக்கும் தெரியாது. நாலாவது ஆள் தங்கபுஷ்பம். அவள் ஏறியதை ஜெனோவா முற்றத்தில் நின்று பார்த்தாள். முத்துக்கனியும் பக்கத்தில் நின்றாள். உப்பு மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டைப் பாதியாகக் கடித்து, "சித்தி, புளிப்பு கண்ணடிக்கி, தின்னு பாரு," என்று மீதியை ஜெனோவாவின் வாயில் திணித்தாள். அம்மாவுக்குக் கை காட்டினாள். உயிரோடு அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

அப்படியானால் இந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? ஜெனோவாவுக்கு டாக்டர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் பதினொரு மணிக்கு அவளும் தங்கபுஷ்பமும் கம்பெனியின் பின்சுவருக்குப் போய் நிற்பார்கள். "சொல்லுட்டி, பூட்டு எப்படி இருந்துச்சு? எம் மவ எந்தப் பக்கம் தட்டுனா?" என்று கேட்பாள் தங்கபுஷ்பம். ஜெனோவா சொல்வாள். சொல்வது போதாதென்று சுவரில் இருந்த இரும்பு வளையத்தில் அவள் கையைப் பிடித்து வைத்து, இப்படித்தான் இழுத்தேன் என்று இழுக்க வைப்பாள். மகள் செத்த இடத்தில் தான் இல்லாமல் போனோமே என்று துடிக்கிறவளுக்கு வேறு எதைக் கொடுப்பது? ஆறு மாதம் கொடுத்தாள். தங்கபுஷ்பம் அதை வாங்கி, ராத்திரி பகலாகத் தின்று, தன் சதையாக்கிக்கொண்டாள். இப்போது அவள் பொய் சொல்லவில்லை. பார்த்தேன் என்று மனதார நம்பினாள்.

பார்த்தவளுக்கு மஞ்சள், பார்க்காதவளுக்குப் பச்சை. நல்ல மெஷின். நல்ல சட்டம்.

மறுநாளே பத்மநாபன் மனுப் போட்டார். திலகராணி தன் அறையில் வைத்து அதை ஜெனோவாவுக்கு விளக்கினாள்.

"தங்கபுஷ்பம் அப்ப கம்பெனில இல்ல, துறைமுகத்துல இருந்தாங்கன்னு சொல்றாங்க. ஆனா நிரூபிக்க வழி இல்ல. அவங்க வருகைப் பதிவேட்டுல இந்தம்மா நாள் முழுக்க உள்ளதான் இருந்திருக்காங்க. சரக்கு வண்டில பொம்பளைங்கள ஏத்துறது குத்தம்ல, அதனால அதை எங்கயும் எழுதல. வண்டிக்காரன் கேரளாவுல எங்கயோ இருக்கான். சாம்ராஜ் தொப்பிய மாட்டுனா குறுக்கு விசாரணைல பூட்டும் சேர்ந்து வெளிய வந்துரும். தங்கபுஷ்பத்துக்கு ரத்தக்கொதிப்பு, ரெண்டாம் தடவை தொப்பி மாட்டக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாங்க."

"அப்ப என்ன மனு?"

"உங்க மேல. பத்து மணிக்கு நீங்க முற்றத்துல நின்னீங்கன்னு சாம்ராஜ் சொல்றானாம். அந்த ஒரு மணி நேர நினைவ மட்டும் பாக்கணுமாம். திங்கக்கிழமை."

ஜெனோவாவுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. முகாமில் அந்த மாங்காய்த் துண்டை யாரும் நினைக்கச் சொல்லவில்லை. அது அப்படியே பச்சையாக இருக்கிறது. புளிப்பு இன்னும் நாக்கில் நிற்கிறது. பூட்டைப் பார்த்த கண்ணை நம்பாதவர்கள், வண்டியைப் பார்த்த கண்ணை மட்டும் நம்பப் போகிறார்கள்.

"தெரியாதுன்னு சொல்லிரட்டா?"

"வாய் என்ன சொன்னாலும் மெஷின் காட்டிரும்." திலகராணி பேனாவை மூடினாள். "நான் உங்ககிட்ட எதுவும் கேக்கல. நீங்களும் எதுவும் சொல்லாதீங்க."

வியாழக்கிழமை மத்தியானம் ஜெனோவா கல்யாண மண்டபத்துக்குப் போனாள். முகாம் இன்னும் நடந்துகொண்டிருந்தது. இப்போது வேறு கம்பெனிகளுக்கும் வாடகைக்கு விடுகிறார்களாம். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

"ரெண்டு தடவைதான் வந்திருக்கீங்க. மூணாவது பாக்கி. ரொம்ப நல்லதுக்கா, நிறையப் பேரு பாதியிலயே நின்னுருவாங்க."

பட்டையைக் கட்டிவிட்டு, எதை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டாள். ஜெனோவா முற்றத்தை நினைத்தாள். அந்தப் பெண்ணின் கையில் இருந்த பலகையில் ஒரு பச்சைப் புள்ளி தோன்றியது.

"அது என்ன பிள்ளே?"

"முதல்ல அளந்துக்குவோம்க்கா. முடிஞ்சதும் இன்னொரு தடவை அளப்போம். அப்பத்தான் வேலை செஞ்சுதான்னு தெரியும்."

"எனக்கு முன்னாடி ரெண்டு தடவையும் அளந்தியளா?"

"எல்லாருக்கும் அளப்போம். எல்லாம் ஹெட் ஆபீசுக்குப் போயிரும்."

ஜெனோவா பல்லைக் கடித்தாள். அளந்திருக்கிறார்கள். பச்சை என்று தெரிந்து, எழுதி வைத்து, அதற்குப் பிறகு எடுத்திருக்கிறார்கள். திலகராணியிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம். அவள் மனுப் போடுவாள். மனுப் போட்ட அன்றைக்கே அந்தக் கணக்கெல்லாம் காணாமல் போகும். அந்தப் பூட்டு இன்றுவரை கிடைத்ததா? அளந்தோம் என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வேண்டும், கோர்ட்டில் வைத்துச் சொல்ல வேண்டும்.

"ஆரம்பிக்கட்டாக்கா?"

"கொஞ்சம் பொறு."

முத்துக்கனியை ஒரு தடவை முழுசாகப் பார்த்துக்கொண்டாள். வலைத்தொப்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முடி, மிளகாய்த்தூள் ஒட்டிய உதடு, சித்தி என்று கூப்பிட்ட குரல். இதையும் இந்த நாசமாய்ப் போகிறவர்களுக்கா கொடுக்க வேண்டும் என்று ஆத்திரம் பொங்கியது. கொடுக்காவிட்டால் தங்கபுஷ்பத்தைப் பொய்ச்சாட்சி என்று கூண்டில் நிறுத்துவார்கள். நீ அங்கே இல்லை, உன் மகள் செத்தபோது நீ ஐஸ் வண்டியில் இருந்தாய் என்று சபையில் நிரூபிப்பார்கள். அவள் அன்றைக்கே செத்துவிடுவாள்.

"ஆரம்பி," என்றாள்.

திங்கட்கிழமை பத்மநாபன் உற்சாகமாக வந்தார். ஜெனோவா தொப்பியை மாட்டிக்கொண்டாள். திரையில் முற்றம் வந்தது. வண்டி வந்தது. வண்டியில் ஏறும் ஒரு பெண்ணின் முதுகு வந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

"அம்மா, பத்து மணிக்குத் தங்கபுஷ்பம் எங்க இருந்தாங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"தெரியல ஐயா. வண்டியில போனான்னு யாரோ சொன்ன மாதிரி இருக்கு. நான் பாத்த மாதிரி இல்ல." அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

பத்மநாபனின் உதவியாளர் எழுந்து, ஹெட் ஆபீஸ் அனுப்பிய ஒரு காகிதத்தை நீட்டினார். அதைப் படித்ததும் வக்கீலின் முகம் சிவந்துபோயிற்று.

"இது மோசடி! நாலு நாளைக்கு முன்னாடி இது பச்சைங்க! வியாழக்கிழமை முகாமுக்குப் போய் வேணும்னே அழிச்சிட்டு வந்திருக்கு இந்தப் பொம்பள!"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"எந்த முகாம்?"

பத்மநாபன் காகிதத்தை மடித்துக் கோப்புக்குள் செருகப் பார்த்தார்.

"சிகிச்சை மூலத்தைத் தொடாதுன்னு உங்க நிபுணர் பிரமாணம் தாக்கல் பண்ணியிருக்காரு. இப்ப அழிச்சிட்டாங்கன்னு நீங்களே சொல்றீங்க. வியாழக்கிழமை பச்சையா இருந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

திலகராணி எழுந்தாள். "அளந்திருக்காங்க ஐயா. ஒவ்வொருத்தரையும் அளந்திருக்காங்க. அந்தப் பதிவு எல்லாம் இன்னைக்கே, இப்பவே கோர்ட் கஸ்டடிக்கு வரணும்."

நீதிபதி உத்தரவு எழுதினார். ஒரு அதிகாரியும் இரண்டு போலீஸ்காரர்களும் அப்போதே ஹெட் ஆபீசுக்குக் கிளம்பினார்கள். பத்மநாபன் தண்ணீர் கேட்டார். ஜெனோவாவின் பூட்டு நினைவு ஒரு காலத்தில் என்ன நிறமாக இருந்தது என்று இனி ஊருக்கே தெரியும். ஜெனோவாவுக்கு மட்டும் தெரியாது.

வராந்தாவுக்கு வந்ததும் தங்கபுஷ்பம் பாய்ந்து வந்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"சவத்து மூதி! நான் எங்க இருந்தேன்னு உனக்குத் தெரியாதா? வண்டியில போனேனாம்லா, வண்டியில! எம் மவ உள்ள கெடந்து தட்டும்போது நான் வண்டியிலயா போவேன்? எவன் சொல்லித் தந்தான் உனக்கு? என்னத்தட்டி வாங்குன அவனுவகிட்ட?"

பெண்கள் வந்து விலக்கினார்கள். ஜெனோவா வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சொல்லலாம். உனக்காகத்தான் கொடுத்தேன், உன் மகளின் கடைசி முகத்தையே கொடுத்தேன் என்று கத்தலாம். கத்தினால் கூடவே சொல்ல வேண்டும், நீ அங்கே இல்லை என்று. கம்பெனிக்காரன் செய்ய முடியாமல் போனதை அவள் செய்ய வேண்டும். கண்ணில் நீர் முட்டியது, அதுவும் கோபத்தில்தான்.

"சொல்லுட்டி! நான் எங்க நின்னேன்?"

"எம் பக்கத்துல நின்னக்கா," என்றாள் ஜெனோவா.

"நல்லாச் சொல்லு!"

"எம் பக்கத்துல. வலது கைப் பக்கம். நீதான் முதல்ல பூட்டப் புடிச்சு இழுத்த. பொறவுதான் நான் இழுத்தேன்."

தங்கபுஷ்பம் அவள் தோளிலேயே சாய்ந்து அழ ஆரம்பித்தாள். ஜெனோவா அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். கதவு வந்தது. சங்கிலி வந்தது. வலது பக்கத்தில், முந்தானையை மூக்கில் பொத்திக்கொண்டு, தங்கபுஷ்பமும் வந்து நின்றாள்.